அறிந்தே களம் புகும் கர்ணன்: சேலம் சமவெளிக் கூத்தும் துன்பியல் கல்வியும்

1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை ஒன்றாக இருந்த பழைய சேலம் மாவட்டத்துச் சமவெளியில், கல்லூரி வாசலை மிதிக்காத தறிக்காரர்களுக்கும் குடியானவர்களுக்கும் துன்பியல் நாடகத்தின் நுட்பங்களைக் கற்பித்த இடம் தெருக்கூத்துக் களரி. களரி என்பது கூத்து நிகழும் வெட்டவெளி. அம்மன் நோம்பிகளின்போது இரவு தொடங்கி விடியும்வரை அங்கே ஆட்டம் நடக்கும். அவ்வாறு ஆடப்பட்ட பாரதக் கூத்துகளுள் ஆழமானது ‘கர்ண மோட்சம்’. புகழேந்திப் புலவர் பெயரால் அச்சேறிய இந்நாடகம், பதினேழாம் நாள் போரில் கர்ணன் வீழ்வதைப் பொருளாகக் கொண்டது.

சொல்லப்படுவதற்கும் உண்மைக்கும், எதிர்பார்ப்புக்கும் விளைவுக்கும் இடையே எழும் முரணை இலக்கியத் திறனாய்வாளர் முரண்நகை என்பர். பாத்திரம் அறியாததைப் பார்வையாளர் அறிந்திருக்கும் நிலை நாடக முரண்நகை எனப்படும். கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிசின் முரண்நகையைப் பற்றி கானப் தர்ல்வால் 1833இல் எழுதிய ஆங்கிலக் கட்டுரைக்குப் பின் இக்கருத்து ஐரோப்பியத் திறனாய்வில் வேரூன்றியது. அதற்கு இன்றும் முதல் சான்றாகக் காட்டப்படுபவன் ஈடிப்பசு மன்னன். முந்தைய மன்னனைக் கொன்றவனைத் தேடிப் புறப்பட்டு, கொன்றவன் தானே என்றும் கொல்லப்பட்டவன் தன் தந்தை என்றும் இறுதியில் அறிகிறவன்.

கர்ணனின் துன்பம் இதற்கு நேர் எதிரான வழியில் நடக்கிறது. வில்லிபுத்தூரார் பாரதத்தில், குந்தி தன்னை ஈன்றவள் என்று போருக்கு முன்பே தெளிந்துகொள்ளும் கர்ணன், நாகக்கணையை மறுமுறை தொடுப்பதில்லை என்றும் அருச்சுனன் நீங்கலான பாண்டவர் நால்வரைக் கொல்வதில்லை என்றும் அவளுக்கு வரம் தந்து, தான் களத்தில் வீழ்ந்தால் மடியில் கிடத்தி மகனே என்று உலகறிய அழவேண்டும் என்பதைத் தன் வேண்டுதலாக வைக்கிறான். தாய் தன்னை மகனாக ஏற்பதற்கு அவன் தரும் விலை உயிர் என்பதால், இங்கே அறியாமை கொல்லப்படுபவனை விட்டுக் கொல்பவனிடம் போய்ச் சேர்கிறது: வில்லை வளைக்கும் அருச்சுனனுக்கு எதிரே நிற்பவன் தமையன் என்பது தெரியாது, களரியைச் சூழ்ந்திருக்கும் ஊருக்கோ தெரியும். ஈடிப்பசின் கதையைவிடக் கொடிய ஏற்பாடு இது என்று கொள்வது மிகையாகாது.

விளைவு எதிர்பார்ப்பைக் கவிழ்க்கும் சூழ்நிலை முரண்நகையும் இக்கதையில் நிறைந்திருக்கிறது. கர்ணனுக்குப் புகழ் தந்த கொடைக்குணமே, அந்தணராக வந்து கையேந்தும் கண்ணனிடம் புண்ணியம் முழுவதையும் இழக்கச் செய்கிறது. செஞ்சோற்றுக்கடன், அதாவது உண்ட சோற்றுக்குக் காட்டும் நன்றி, பிழையான பக்கத்தில் அவனைக் கட்டிவைக்கிறது. ஆயினும் கூத்தின் உயிர் அவன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் காட்சியில்தான் இருக்கிறது. தேரோட்டி மகன் என்று கணவனை இகழ்ந்துவந்த பொன்னுருவி, அவன் பிறப்பின் உண்மையை அறிந்து மனம் மாறும்போது, அவன் களத்துக்குப் போவதைத் தடுக்க இயலாதவளாகிறாள். பிறப்பால் மனிதரை அளக்கும் வழக்கத்தை வீட்டு வாசலுக்குள் கொண்டுவந்து காட்டும் இக்காட்சி, சாதியின் சுமையை நாள்தோறும் அறிந்த ஊர்களில் ஆடப்பட்டது என்பதை மறந்தால் அதன் கூர்மை விளங்காது.

இந்த முரண்நகை நுட்பங்களுக்கெல்லாம் கூத்தில் தனிப் பாடநூல் இருந்ததில்லை. இளையவர் பின்பாட்டு நின்று, வாத்தியாரின் பாட்டையும் வசனத்தையும் காதால் பிடித்து, கையெழுத்து நோட்டில் படியெடுத்துக்கொண்டு வேடத்துக்கு வந்தனர். எந்த இடத்தில் அடவை அடக்கி, சொல்லை இழுத்து நிறுத்தினால் கூட்டம் கர்ணனின் முடிவை முன்கூட்டியே உணரும் என்பதைப் பல இரவுகளின் ஆட்டமே கற்றுத்தந்தது. பார்வையாளரோடு நேரே பேசும் உரிமை பெற்ற கட்டியங்காரன், அதாவது பாத்திரங்களை அறிமுகப்படுத்தி நகைச்சுவையும் செய்பவன், அந்த உணர்வை மேலும் கூர்மையாக்கினான்.

சேலம் மாவட்டத்தில் இக்கலையின் பக்கம் நின்று ‘மணல்வீடு’ இதழை நடத்திவரும் மு. ஹரிகிருஷ்ணன் போன்றோரின் உழைப்பால் கூத்து இலக்கிய வாசகரின் கவனத்துக்கும் வந்துள்ளது. ஈடிப்பசைப் படிக்கும் வகுப்பில் ‘கர்ண மோட்ச’த்துக்கும் இடம் தருவது, அம்மாணவர்களின் பாட்டனார் விடிய விடிய விழித்திருந்து பெற்ற கல்விக்கு உரிய மதிப்பைத் தருவதாகும்.