தரவு இயக்கத் தடுப்பும் மென்பொருள் இணக்கச் சிக்கல்களும்

தரவு இயக்கத் தடுப்பு, ஆங்கிலச் சுருக்கத்தில் டெப், என்பது தரவுக்கென ஒதுக்கிய நினைவகப் பகுதியிலிருந்து கட்டளை எதுவும் இயங்காதபடி தடுக்கும் இயங்குதளப் பாதுகாப்பு வசதி. 2004 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வழியாக இது பரவலான பயன்பாட்டுக்கு வந்தது. புழுநிரல்களை மறிக்க வந்த இவ்வசதி, எந்தத் தீங்கும் செய்யாத பழைய மென்பொருள்கள் பலவற்றையும் முடக்கியது.

பின்னணி

ஒரு நிரல் ஒதுக்கிய இடத்தைவிட நீளமான தரவை அனுப்பி, அதற்குள் கட்டளைகளைப் புதைத்து, கணினியை அவற்றின்மேல் தாவச் செய்வது பஃபர் ஓவர்ஃப்ளோ தாக்குதல். 1988-இன் மோரிஸ் புழு, 2001-இன் கோட் ரெட், 2003-இன் பிளாஸ்டர் மூன்றும் இவ்வழியைக் கையாண்டன.

இன்டெல் 386 வழிவந்த நுண்செயலிகளில் நினைவகப் பக்கம் ஒன்றை எழுத முடியாததாகக் குறிக்கலாம். ஆனால் இயக்க முடியாததாகக் குறிக்க, தொடக்கத்தில் பக்க அட்டவணையில் இடமில்லை. 1997-இல் சோலார் டிசைனர் என்ற புனைபெயர் கொண்ட வல்லுநர், ஸ்டாக் பகுதியில் கட்டளை இயங்காமல் தடுக்கும் பேட்ச் ஒன்றை லினக்ஸுக்கு எழுதினார். 2000-இல் பாக்ஸ் திட்டம் இதை மற்ற தரவுப் பக்கங்களுக்கும் விரித்தது. ஏஎம்டி 2003-இல் தன் 64 பிட் நுண்செயலிகளில், பக்கத்தை இயக்க முடியாததாகக் குறிக்கும் என்எக்ஸ் பிட்டைச் சேர்த்தபோது வன்பொருளிலேயே தீர்வு கிடைத்தது. இன்டெல்லும் அதைப் பின்பற்றியது.

சிக்கலின் வேர்

இயக்க அனுமதியை நிரல் வெளிப்படையாகக் கேட்கவேண்டும் என்ற விதி விண்டோஸ் என்டி காலத்திலேயே உண்டு. ஆனால் 386 வழிச் செயலிகள் அதைச் சோதிக்கவில்லை. கேட்காமலே எல்லாம் ஓடியதால், படிக்க முடிந்த இடத்தை இயக்கவும் முடியும் என்று நிரலாளர்கள் எண்ணிவிட்டனர். ஓடும்போதே கட்டளைகளை உருவாக்கும் நிரல்களும், சுருக்கிய தம் கட்டளைகளை நினைவகத்தில் விரித்து ஓடும் நிரல்களும் இதனால் டெப்பிடம் மாட்டிக்கொண்டன.

மைக்ரோசாஃப்டின் ஏடிஎல் நூலகம் தெளிவான உதாரணம். ஒரு சாளரத்துக்குச் செய்தி வரும்போது விண்டோஸ் அச்சாளரத்தின் அடையாள எண்ணைத் தருகிறது. சி++ நிரலுக்கோ தன் பொருளின் முகவரி வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்ய, பழைய ஏடிஎல் 13 பைட் நீளமுள்ள சிறு கட்டளைத் துண்டு ஒன்றை ஹீப் எனப்படும் தரவு நினைவகத்தில் எழுதி இயக்கியது: முகவரியை மாற்றி வை, உரிய செயற்கூறுக்குத் தாவு, அவ்வளவுதான். ஹீப்பில் இயக்க அனுமதி இல்லாததால் அந்த 13 பைட்டுகளே முழு நிரலையும் நிறுத்தப் போதுமாயின. இதற்காக விண்டோஸ் இத்துண்டை இனங்கண்டு, தானே அதன் வேலையைச் செய்துகொடுக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தது.

சாதன டிரைவர்களுக்கு வேறு தொல்லை. 32 பிட் விண்டோஸில் என்எக்ஸ் பிட்டைப் பயன்படுத்த, நினைவக முகவரிகளை நீட்டிக்கும் பிஏஇ முறை தேவை. 4 ஜிபிக்கு மேற்பட்ட முகவரிகளை எதிர்பாராத டிரைவர்கள் அம்முறையில் தடுமாறின. அதனால் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-இல் முகவரி எல்லை 4 ஜிபிக்குள் கட்டுப்படுத்தப்பட்டது.

சமரசங்கள்

டெப்புக்கு நான்கு நிலைகள் வைக்கப்பட்டன: எப்போதும் இயங்குவது, எப்போதும் அணைந்திருப்பது, விண்டோஸின் சொந்த நிரல்களுக்கு மட்டும் இயங்குவது, விலக்குப் பட்டியலில் உள்ளவை தவிர அனைத்துக்கும் இயங்குவது. வீட்டுக் கணினிகளுக்கு மூன்றாவது, சர்வர்களுக்கு நான்காவது இயல்பாக அமைந்தன. 64 பிட் நிரல்களுக்கு மட்டும் விலக்கே இல்லை.

விண்டோஸ் விஸ்டாவில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7, டெப் அணைக்கப்பட்ட நிலையிலேயே வந்தது. பழைய ஏடிஎல் கொண்டு கட்டிய துணைநிரல்கள் பல புழக்கத்தில் இருந்ததே காரணம். இணையத்திலிருந்து வரும் எதையும் முதலில் எதிர்கொள்ளும் மென்பொருளே இப்படிக் காப்பில்லாமல் இருந்தது. 2009-இல் வந்த 8-ஆம் பதிப்பில்தான் டெப் இயல்பாக இயக்கப்பட்டது.

பிந்தைய நிலை

2012-இல் விண்டோஸ் 8, என்எக்ஸ் வசதியில்லாத நுண்செயலிகளில் நிறுவவே முடியாது என்றாக்கியது. 2020-இல் வந்த ஆப்பிள் சிலிக்கான் மேக் கணினிகளில், ஒரு பக்கத்துக்கு எழுதும் அனுமதியும் இயக்கும் அனுமதியும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை. ஓடும்போது கட்டளை உருவாக்கும் நிரல்கள் இரண்டுக்கும் இடையே மாறி மாறிச் செல்லவேண்டும்.

நூலகங்களில் முன்பே இருக்கும் கட்டளைகளைக் கோத்து ஏவும் தாக்குதல்களை டெப்பால் மட்டும் தடுக்க முடியாது. அதற்கு முகவரிகளைக் கலைத்துவைக்கும் ஏஎஸ்எல்ஆர் போன்ற வேறு காப்புகளும் வேண்டும். ஆயினும் முடங்கிய நிரல்களுக்கான சரியான மருந்து பாதுகாப்பை அணைப்பதன்று. கட்டளை உருவாக்கும் நிரல், அதற்கான இயக்க அனுமதியை இயங்குதளத்திடம் முறைப்படி கேட்டுப் பெறுவதே நிலையான தீர்வு.