நிழலுக்கு உரியவர் யார்?

1839ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள், லூயி டாகுவேர் என்பவர் கண்டுபிடித்த படம் பிடிக்கும் முறை பாரிஸ் நகரில் உலகுக்கு வெளியிடப்பட்டது. வெள்ளி முலாம் பூசிய செம்புத் தகட்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றி அயோடின் ஆவியில் காட்டினால், அதன்மேல் வெள்ளி அயோடைடு மெல்லிய படலமாகப் படிகிறது. இத்தகட்டைக் காமிராவில் வைத்து ஒளிபடச் செய்து, பின் பாதரச ஆவியில் காட்டவேண்டும். ஒளி பட்ட இடங்களில் பாதரசம் வெள்ளியோடு கூடி வெண்மையாகப் படியும். எஞ்சிய அயோடைடை ஹைப்போ கரைசலில் கழுவி நீக்கிவிட்டால் உருவம் நிலைத்துவிடும். தொடக்கத்தில் படத்துக்கு அமர்பவர் பல நிமிடம் அசையாதிருக்கவேண்டியிருந்தது. ஓரிரு ஆண்டுகளில் புரோமினையும் சேர்த்துப் பயன்படுத்தத் தொடங்கியபின் அந்நேரம் ஒரு நிமிடத்திற்கும் கீழே இறங்கிற்று. அமெரிக்க நகரங்களில் படநிலையங்கள் பெருகின.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் அப்போது முப்பது லட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தனர். அவர்கள் முகத்தைப் புதிய கருவி எப்படிப் பார்த்தது?

லூயி அகாசி என்ற பெயரை நம் வாசகர்கள் அறிந்திருப்பார்கள். பூமியில் பனியூழிக் காலம் ஒன்று இருந்தது என்ற கருத்தை நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் அவர். ஆனால் மனித இனங்கள் தனித்தனியே தோன்றியவை, அவை சமமானவை அல்ல என்றும் அவர் நம்பினார். அதற்குச் சான்று தேடி, 1850இல் தென் கரோலினா மாநிலத்தின் கொலம்பியா நகரில், ஜோசப் சீலி என்ற படக்காரரைக் கொண்டு அடிமைகளைப் படம் எடுக்கச் செய்தார். ரெண்டி, டீலியா முதலிய எழுவர் ஆடை களையப்பெற்று, முன்னும் பக்கமுமாக நிறுத்தப்பட்டனர். 15 தகடுகள் கிடைத்துள்ளன. பூச்சியை ஊசியில் குத்தி வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. அறிவியல் பெயரால் நடந்தது என்பதால் இதை நாம் சொல்லாமல் விடுவது சரியன்று. அத்தகடுகள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகப் பரணில் கிடந்து, 1976இல்தான் மீண்டும் கண்ணில் பட்டன.

அதே கருவியை, அதே தகட்டை, வேறொருவர் வேறுவிதமாகப் பயன்படுத்தினார். பிரடெரிக் டக்ளஸ் 1818இல் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். 1838இல் வடக்கே தப்பிச் சென்று, அடிமை ஒழிப்பு இயக்கத்தின் சிறந்த பேச்சாளராகவும் பத்திரிகையாசிரியராகவும் உயர்ந்தார். வெள்ளை ஓவியர்கள் கறுப்பரை வரையும்போது உள்ளதை வரைவதில்லை, தாம் மனத்தில் கொண்டிருப்பதையே வரைகிறார்கள் என்று 1849இல் எழுதினார். ஒரு நூலில் தம் முகத்தில் இல்லாத கனிவான புன்னகையைச் செதுக்குச் சித்திரக்காரர் சேர்த்துவிட்டதையும் குறை கூறினார். அடிமை மகிழ்ச்சியாகவே இருக்கிறான் என்று ஆண்டைகள் சொல்லிவந்த காலம் அது. அவர் கோபத்தில் பொருள் இருந்தது.

ஆகவே காமிராவின் முன் அமர்ந்தார், மீண்டும் மீண்டும் அமர்ந்தார். கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, நேர்கொண்ட பார்வை. நெடுநேரம் அசையாதிருக்கவேண்டியதால்தான் அக்காலத்தவர் படத்தில் சிரிக்கவில்லை என்று சொல்வதுண்டு. டக்ளசைப் பொறுத்தவரை இது போதாது. 1880களில் உலர்தகடுகள் வந்து, நொடிக்கும் குறைவான நேரத்தில் படம் எடுக்க முடிந்தபோதும் அவர் முகம் இறுக்கமாகவே இருந்தது. 1861இல் பாஸ்டனில் படங்களைப் பற்றியே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். முன்பு அரச குடும்பத்தாருக்கும் கிட்டாத அளவு உண்மையான உருவப்படம் இன்று வேலைக்காரப் பெண்ணுக்கும் கிடைக்கிறது என்று அதில் டாகுவேரைப் புகழ்ந்தார். அவருடைய படங்களை ஆய்வாளர்கள் தேடித் தொகுத்து 2015இல் வெளியிட்டனர். வெவ்வேறான படங்கள் ஏறத்தாழ 160 இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் லிங்கனைவிட அதிகமாகப் படம் எடுக்கப்பெற்ற அமெரிக்கர் இவரே எனத் தெரிந்தது.

டாகுவேர் முறையில் ஒரு குறை உண்டு. தகடு ஒன்றுதான்; அதற்குப் படி எடுக்க முடியாது. 1851இல் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் கண்ணாடியில் கொலோடியன் பூசி எதிர்மறைப் படம் எடுக்கும் முறையை வெளியிட்டார். அதிலிருந்து முட்டை வெண்கரு பூசிய தாளில் எத்தனை படிகளும் எடுக்கலாம். விசிட்டிங் கார்டு அளவில் ஒட்டப்பட்ட இப்படங்கள் 1860களில் எங்கும் விற்றன.

இதனால் பயனடைந்தவர்களுள் சோஜர்னர் ட்ரூத் ஒருவர். 1797 அளவில் நியூயார்க் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, 1826இல் தப்பியவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். மூக்குக்கண்ணாடியும் சால்வையுமாக, பின்னல் நூலைக் கையில் ஏந்தி அமர்ந்து படம் எடுத்துக்கொண்டு, அதைக் கூட்டங்களில் விற்று வாழ்க்கை நடத்தினார். உடம்பைத் தாங்குவதற்காக நிழலை விற்பதாக அட்டையின் கீழே அச்சிடச் செய்தார். படத்தை நிழல் என்று சொல்வது அன்றைய ஆங்கில வழக்கு; நிழற்படம் என்று சொல்லும் நமக்கு அது உடனே விளங்கும். அத்தகைய அட்டைகளில் படக்காரரின் பெயரே இருப்பது வழக்கம். ட்ரூத் 1864இல் உரிமையைத் தம் பெயரிலேயே பதிவு செய்துகொண்டார்.

ரெண்டிக்கு அப்படி ஓர் உரிமை இருந்ததா? அவர் வழித்தோன்றல் என்று கூறிய ஒரு பெண்மணி 2019இல் ஹார்வர்டு மீது வழக்குத் தொடுத்தார். படத்தில் இருப்பவருக்கோ அவர் சந்ததிக்கோ அதன்மேல் சொத்துரிமை இல்லை, ஆனால் மன வேதனைக்கு அவர் நியாயம் கேட்கலாம் என்று மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. 2025இல் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. அதன்படி அந்த 15 தகடுகளும் ஹார்வர்டை விட்டு, ரெண்டி அடிமையாக வாழ்ந்த தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் நகரிலுள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குச் செல்ல முடிவாயிற்று.