சுகருக்கு மாத்திரையா, ஊசியா? டாக்டர் எதை வெச்சு முடிவு பண்றார்?

"அப்பாவுக்கு இன்சுலின் எழுதிட்டாங்க. அவ்ளோ முத்திடுச்சா?" சர்க்கரை நோயாளி இருக்கும் பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது. மாத்திரை என்றால் ஆரம்பம், ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்று நாமாகவே முடிவுகட்டி வைத்திருக்கிறோம். அந்த பயத்தில் ஊசியைத் தள்ளிப்போடும் மாதங்களில்தான் கண், சிறுநீரகம், கால் நரம்புகள் சத்தமில்லாமல் பாதிக்கப்படுகின்றன.

மாத்திரைகள் எப்படி வேலை செய்கின்றன?

டைப் 2 சர்க்கரை நோயில் இரண்டு சிக்கல்கள். இன்சுலின் சுரந்தாலும் உடல் அதைச் சரியாகப் பயன்படுத்தாது. நாளாக நாளாக கணையத்தில் சுரப்பும் குறையும். மாத்திரைகள் இதை வெவ்வேறு வழிகளில் சமாளிக்கின்றன.

* மெட்ஃபார்மின்: கல்லீரல் வெளியிடும் சர்க்கரையைக் குறைக்கும். ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கலாம் என்பதால் சாப்பாட்டோடு, குறைந்த அளவில் தொடங்குவார்கள்.
* க்ளிமிபிரைடு: கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். இதைப் போட்டுவிட்டு சாப்பிடாமல் இருந்தால் லோ சுகர் ஆகிவிடும்.
* டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின்: அதிகப்படி சர்க்கரையை சிறுநீரில் வெளியேற்றும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. ஆனால், பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம்.

ஊசி எப்போது?

மூன்று மாத சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 10 சதவிகிதத்தைத் தாண்டினாலோ, ரத்தச் சர்க்கரை 300-க்கு மேல் போனாலோ, காரணமில்லாமல் உடல் இளைத்தாலோ டாக்டர் இன்சுலினை யோசிப்பார். கர்ப்பம், பெரிய ஆபரேஷன், கடுமையான தொற்று போன்ற நேரங்களிலும் இன்சுலின் தேவைப்படலாம்.

"ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாதாமே?" அப்படியில்லை. சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் மாத்திரைக்குத் திரும்பியவர்கள் உண்டு. பல வருடங்களாகச் சர்க்கரை இருந்து, கணையத்தில் சுரப்பே குறைந்துபோனவர்களுக்குத் தொடர்ந்து தேவைப்படலாம். அது இன்சுலினால் வந்த பழக்கம் இல்லை, உடலின் தேவை.

"அதையே மாத்திரையா தரக்கூடாதா?" இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் வயிறு அதையும் சாப்பாடு மாதிரியே செரித்துவிடும். 1922-ல் கனடாவின் டொரன்டோவில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டதும் ஊசி வழியாகத்தான்.

எல்லா ஊசியும் இன்சுலின் இல்லை

செமாக்ளுடைடு வாரம் ஒருமுறை போடும் ஊசி. சர்க்கரையோடு பசியையும் எடையையும் குறைக்கும். குமட்டல், வாந்தி வரலாம். இதில் மாத்திரையும் உண்டு. காலையில் வெறும் வயிற்றில் கொஞ்சம் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். எடை குறைக்க நாமாக வாங்கிப் போடும் மருந்து இல்லை இது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

* இன்சுலின் பாட்டிலில் 40 என்று இருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 என்று இருந்தால் ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 மருந்தை 40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு டோஸ் ஏறிவிடும். உயிருக்கே ஆபத்து.
* புதிய இன்சுலினை ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டவே வேண்டாம், உறைந்தால் வீண்.
* ஒரே இடத்தில் குத்தினால் தோல் தடித்து மருந்து சரியாக ஏறாது. இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.
* வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கலாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட் பண்ணுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது கூடவே போங்கள். "ஏன் இந்த மருந்து, எவ்வளவு நாளைக்கு, லோ சுகர் ஆகுமா, மாசம் எவ்வளவு செலவாகும்?" இந்த நான்கையும் கேளுங்கள். பதில் தெரிந்துவிட்டால் ஊசி மீதான பயம் பாதி குறைந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடுவதும், டாக்டரைக் கேட்காமல் ஊசியை நிறுத்துவதும் மட்டும் வேண்டாம்.