உறையில் இருக்கும் வாளும் நம்ம ஊர்க் கம்பும்



கராத்தே, ஜூடோ தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இயாய்டோ அவ்வளவாகத் தெரியாது. ஜப்பானியர்களின் வாள் உருவும் கலை அது. பெரும்பாலும் எதிரே ஆள் கிடையாது. மண்டியிட்டு அமைதியாக உட்கார்ந்திருப்பவர் சட்டென்று வாளை உருவுவார். உருவுகிற வீச்சே முதல் வெட்டு. அடுத்து இன்னொரு வெட்டு, வாளில் இல்லாத ரத்தத்தை உதறுவது, மறுபடி உறையில் போடுவது. இந்த நான்கைத்தான் ஆயுள் முழுக்கப் பழகுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் கூர் இல்லாத வாளில்! வாள் உறையில் இருக்கும்போதே ஜெயிப்பதுதான் ஜெயிப்பு என்பது அவர்கள் வழக்கு.

தத்துவத்தைவிட எனக்கு அதன் வரலாறுதான் பெரிதாகப் படுகிறது. 1876-ல் மெய்ஜி அரசு, ராணுவம் போலீஸ் தவிர யாரும் இடுப்பில் வாளோடு வெளியே வரக்கூடாது என்றது. 1945-ல் போரில் தோற்றதும் அமெரிக்கப் படை வந்து வாள்களைப் பறித்தது. ஆனாலும் கலை பிழைத்தது. ஒவ்வொரு அசைவுக்கும் பெயரும் வரிசையும் இருந்தன. 1969-ல் அவர்களுடைய கெண்டோ சம்மேளனம் 7 வரிசைகளைப் பொதுப்பாடமாக்கியது. இப்போது 12.

இதே கதை நம் தென்சீமையில் 75 வருஷம் முன்பே நடந்தது. 1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். டிசம்பர் 1-ல் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் (பிளாசி கிளைவின் மகன்தான்) பாளையங்களில் ஆயுதம் கூடாது என்று பிரகடனம் போட்டார்.

அதில் அடிபட்டது வளரி. சின்ன மருதுவிடமே வளரி எறியக் கற்றவர் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி. பிறகு அதே மருதுவுக்கு எதிரான படையில் வந்தார். நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்று 1830-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். நம் ஆயுதத்துக்கு எதிராளி எழுதிய சாட்சி! தந்தத்தில் செய்த தஞ்சாவூர் வளரி சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எறிந்த கை போய்விட்டது.

பிறகு 1911-ன் குற்றப்பரம்பரைச் சட்டம். ராத்திரியானால் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் அதை எதிர்த்த 16 பேர் செத்தார்கள். அந்தக் காலத்தில் யார் வாளைத் தொடுவார்? கம்பு தப்பித்தது. மாடு மேய்ப்பவன் கையிலும் கம்புதானே என்பது என் கணிப்பு.

சிலம்ப வாத்தியாரும் முதலில் மண்ணைத் தொட்டுக் கும்பிடச் சொல்வார். கம்பைக் கொடுக்கும் முன் கால் வைக்கப் பழக்குவார். தனியாகச் சுற்றும்போது காற்றில் ஒரு எதிரியை நிறுத்திக்கொள்ளச் சொல்வார். இயாய்டோக்காரர் பார்த்தால் சொந்தக்காரன் என்பார்!

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. சந்தோஷம்தான். ஆனால் போட்டி புள்ளிக்கு உதவுவதை மட்டும் வளர்க்கும். திருவிழாவில் முளைப்பாரிக்கு முன்னால் ஆடும் அடவுகளுக்குப் புள்ளி யார் போடுவது?

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி பக்கம் பழைய வாத்தியார்களிடம் கம்பு பழகியவர்கள் இங்கே இருப்பீர்கள். உங்கள் வாத்தியார் முதலில் சொல்லித்தந்த அடவுக்கு என்ன பெயர் சொன்னார், எந்தக் காலை முன்னே வைக்கச் சொன்னார் என்று கீழே எழுதுங்கள். ஒரு 200 பக்க நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.