திதி வெண்பாவும் ஒரு பெரியவரும்

யாழ்ப்பாணத்திலே ஒரு குடும்பத்தின் முதியவர் பேரர் பூட்டரைக் கண்டு நிறைவாழ்வு வாழ்ந்து சிவபதம் அடைந்தால், 31ஆம் நாளையொட்டிக் கீரிமலைக் கடலோரத்து நன்னீர்க் கேணியில் தீர்த்தமாடி அந்தியேட்டிக் கிரியைகளை நிறைவேற்றியபின், வீட்டுக்கிருத்தியத்துக்கு வந்து போசனம் செய்து விடைபெறும் சுற்றத்தார் கையில், கல்வெட்டு என்று அவ்வூரார் வழங்கும் சிறு புத்தகமொன்றைக் கொடுத்தனுப்புவது தலைமுறைகளாக நிலவிவரும் சம்பிரதாயமாகும். ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையில் அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். அதனைத் தொடர்ந்து அச்சுக்கூடங்கள் ஊர்க்குள்ளே பெருகிவந்திராவிடில், தோட்டம் செய்து பிழைக்கும் குடும்பத்தாருக்கும் தம் தந்தையின் பெயரை அச்சிற் காணும் பாக்கியம் கிட்டியிராது.

இப்புத்தகத்தில் என் மனம் முதலில் நாடுவது திதி வெண்பாவையே. ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகிய நான்கையும் நாலடிக்குள் அடக்கி, இறந்தவரின் பெயரையும் அதிலேயே பொருத்திவிடுவது அதன் இலக்கணம். சிராத்தம் செய்வது திதியைக்கொண்டே அன்றி ஆங்கிலத் திகதியைக்கொண்டு அன்று. திதியோ ஆண்டுதோறும் வேறு வேறு திகதியில் வரும். ஆகவே, பஞ்சாங்கத்தைப் புரட்டத் தொடங்குமுன் மகன் மனத்தில் இருக்கவேண்டியவற்றை மறவாதபடி எதுகையிலும் மோனையிலும் கட்டிவைத்தனர் நம் முன்னோர். ஆயினும் பிரபவ முதலிய ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கொருமுறை மீண்டு வருதலால், பழைய பிரதியொன்றைக் கண்டெடுப்பவர் இறந்தவர் பாட்டனாரோ பூட்டனாரோ என்று மயங்க இடமுண்டு. ஆங்கில ஆண்டையும் அருகே அச்சிடுதல் உசிதம்.

அடுத்து வரும் புலம்பல்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மனைவி, மக்கள், மருமக்கள், பேரர் என்று ஒவ்வொருவர் வாயிலாகவும் ஒரே புலவர் அழுவார். வள்ளல் என்றும் கற்பகதரு என்றும் எல்லாத் தந்தையரையும் ஒருபடித்தாகவே போற்றுவார். ஊரில் இத்தனை கற்பகதருக்கள் நின்றிருந்தால் வறுமை எப்படித் தலைகாட்டியது என்று கேட்கத் தோன்றுகிறது.

வம்சாவழிப் பகுதியோ அப்படிப்பட்டதன்று. எந்தக் குறிச்சியில் பிறந்தார், எவ்வூரில் பெண்ணெடுத்தார், மகளிரை எங்கெங்கே கொடுத்தார் என்ற விவரங்களைப் பெருநூல்களில் தேடிப் பயனில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. 1995இல் குடாநாட்டு மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இடம்பெயர்ந்தனர். இவ்வளவுக்கும் பின்னர், டிரங்குப் பெட்டிகளில் காணி உறுதிகளோடு தப்பிக் கிடந்த இந்த மெல்லிய புத்தகங்கள் ஊர்ச் சரித்திரம் எழுதுவோர்க்கு ஆதாரங்களாகிவிட்டன. கனடாவிலே பிறந்த பேரப்பிள்ளை தன் பூட்டியின் பெயரை அறிவதும் பெரும்பாலும் இவற்றாலேயே.

இந்த நினைவு மலருக்குரிய பெரியவரின் திதியையும் கிளைவழியையும் தொகுப்பாளர் பிழையறப் பதிப்பித்திருக்கின்றனர். வெண்பாவும் வம்சாவழியும் அவரை யாருக்கு மகன், யாருக்குத் தந்தை என்று காட்டும். அவர் எத்தகைய மனிதர் என்பதைச் சொல்லவேண்டியவர்கள் உடனிருந்து கண்டவர்கள். அவர் செம்மண் தோட்டத்துப் புகையிலைச் செய்கைக்காரர். தொண்ணூறைக் கடந்து, கண் மங்கிய பின்பும், கட்டிவைத்த சிப்பத்துக்குள்ளே முழங்கைவரை கையை நுழைத்து, நடுவிலிருந்து ஓர் இலையை உருவி, காம்பை ஒடித்துக் காதருகே கேட்டு, பின்பு முகர்ந்து பார்த்தே பதம் சொல்வார். ஒருமுறை வியாபாரி முற்பணத்தோடு வந்து நிற்க, மகன்மாரும் கொடுத்துவிடலாம் என்று அவசரப்பட, "காம்பு இன்னும் ஈரமடா தம்பி. உள்ளுக்குப் பூத்துப்போனால் அந்த மனுசன் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது? நாலு நாள் கிடக்கட்டும்" என்று சிப்பங்களை அவிழ்க்கச் செய்தார். வியாபாரி சற்றே முகஞ்சுளித்துக்கொண்டு போனார். அடுத்த கிழமை அவரே வந்து, விலை பேசாமல் ஏற்றிச் சென்றார். புலம்பல் பாடிய புலவர் இதனை அறிந்திருக்க நியாயமில்லை. அறிந்த மகன்மாரோ இதெல்லாம் புத்தகத்தில் ஏறுமா என்று கூச்சப்பட்டனர். ஏறலாம் என்பது என் அபிப்பிராயம், ஆகவே ஏற்றிவிட்டேன்.