ஐராவதம் விழுந்த நாள்

மூணாறு எஸ்டேட்டில் பிறந்தவன் நான். சிறு வயதில் அப்பா என்னை டாப் ஸ்டேஷன் கூட்டிப்போவார். முன்பு அங்கிருந்து கொட்டகுடிக்கு ரோப்வேயில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. விளிம்பில் நின்றால் தேனிச் சமவெளி முழுதும் விரிந்து கிடக்கும். "மேல நின்னாத்தாம்ப்பா கீழ வர்றது தெரியும்" என்பார். வானில் பறக்கும் ராடாரின் தத்துவமே அதுதான் என்று பின்னாளில்தான் புரிந்தது.

ராடார் அலை நேர்கோட்டில் போகும்; பூமியோ வளைந்தது. 30 மீட்டர் கோபுரத்து ராடாருக்கு, 100 மீட்டர் உயரத்தில் பதுங்கி வரும் விமானம் சுமார் 60 கிலோமீட்டருக்குள் வந்தால்தான் தெரியும். அதே ராடாரை 9,000 மீட்டருக்குத் தூக்கினால் பார்வை 400 கிலோமீட்டரைத் தாண்டும். 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் கடற்படையிடம் இந்தப் பறக்கும் கண் இல்லை. தாழப் பறந்து வந்த அர்ஜென்டினா விமானங்களின் ஏவுகணைக்கு ஷெஃபீல்ட் கப்பல் பலியானது. அவசர அவசரமாக ஹெலிகாப்டரில் ராடாரை மாட்டினார்கள்; அது தயாராவதற்குள் போரே முடிந்துவிட்டது. பட்ட பிறகு வரும் புத்தி!

நம் நாடு அதைச் சொந்தமாகச் செய்யப் பார்த்தது. பழைய ஆவ்ரோ விமானத்தின் முதுகில் 24 அடி அகலத் தட்டை ஏற்றினார்கள். இந்திரனின் யானைப் பெயரையே வைத்தார்கள்: ஐராவதம். 1990-லேயே தட்டுடன் பறந்துவிட்டது. பிறகு ஆண்டுக்கணக்கில் சோதனைகள்.

1999 ஜனவரி 11. பொங்கலுக்குச் சில நாட்களே இருந்தன. அரக்கோணம் அருகே பறக்கையில் முதுகுத் தட்டு பிய்ந்துபோய் விமானம் விழுந்தது. விஞ்ஞானிகளும் விமானப்படையினருமாக எட்டுப் பேர் இறந்தனர். நம் வீடுகளில் கார்கில் வீரர்களைப் பற்றிப் பேசுகிறோம், நியாயம்தான். அதே ஆண்டு, போருக்கு நான்கு மாதம் முன்பு, தமிழ் மண்ணில் விழுந்த இந்த எட்டுப் பேரை எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

திட்டம் அத்தோடு நின்றது. நிறுத்தியது தவறு என்பது என் எண்ணம். கற்ற பாடம் கைவசம் இருந்ததே. 2004-ல் இரண்டு காரியம் நடந்தது. இஸ்ரேலின் ஃபால்கன் ராடார் பொருத்திய மூன்று ரஷ்ய விமானங்களுக்கு ஒப்பந்தமானது. முதலாவது 2009-ல் வந்தது. பெங்களூரில் உள்நாட்டு முயற்சிக்கும் மறுபடி அனுமதி கிடைத்தது. அதுதான் 2017 பிப்ரவரியில் விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்ட 'நேத்ரா'. பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் விமானம், நம் ராடார்.

இப்போது பாலக்காட்டில் இருக்கிறேன். சூலூர்ப் பக்கம் விமானம் பறந்தால் பேரன் ஓடிவந்து, "தாத்தா, இது நேத்ராவா?" என்பான். "இல்லடா" என்று படத்தைக் காட்டுவேன். அதன் முதுகில் சுழலும் தட்டு இல்லை. நீளப் பலகை மாதிரி ஒன்று, அசையாமல் நிற்கிறது.