ஓமின் விதியும் அதன் நெடும் பயணமும்

மின்னியல் பயிலத் தொடங்கும் மாணவன் முதலில் மனத்தில் இருத்திக்கொள்வன இரண்டு சிறு கணக்குகள். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் கிடைப்பது மின்தடை. அவ்விரண்டையும் பெருக்கினால் கிடைப்பது மின்திறன். ஒரு வரியில் அடங்கிவிடும் இவ்வுண்மைகள் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. அவற்றின் பின்னே வறுமையும் புறக்கணிப்பும் தளராத உழைப்பும் நிறைந்த வரலாறு ஒன்று உண்டு.

இங்கிலாந்தின் என்றி கேவண்டிசு 1781-ஆம் ஆண்டிலேயே இவ்வுண்மையை நெருங்கியிருந்தார். மின்னோட்டத்தை அளக்கும் கருவி அன்று இல்லை. ஆகவே, தம் உடலையே கருவியாக்கி, மின்னதிர்ச்சியின் வன்மையைக் கொண்டு ஓட்டத்தை மதிப்பிட்டார். கண்டதை அவர் வெளியிடவில்லை. மாக்சுவெல் அக்குறிப்புகளைப் பதிப்பித்த 1879-ஆம் ஆண்டில், அவ்விதி வேறொருவரின் பெயரால் உலகெங்கும் வழங்கிக்கொண்டிருந்தது. எழுதி வைத்தும் வெளிப்படுத்தாத அறிவு, புதைத்து வைத்த பொன்னை ஒத்ததே.

அந்த வேறொருவர் ஜார்ஜ் சைமன் ஓம். அவர் 1789-இல் செருமனியின் எர்லாங்கன் நகரில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தை முறையான கல்வி பெறாதவர். எனினும் தாமே கற்றுத் தேர்ந்து, தம் பிள்ளைகளுக்குக் கணிதமும் இயற்பியலும் புகட்டினார். பத்து வயதில் தாயை இழந்த ஓம், வளர்ந்தபின் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். 1817-இல் கொலோன் நகரக் கல்விக்கூடத்தில் பணி ஏற்றார். அங்கிருந்த ஆய்வுக்கூடமே அவருடைய ஆராய்ச்சிக் களமாயிற்று.

1820-இல் ஊர்ஸ்டெட்டு, மின்னோட்டம் காந்த ஊசியை அசைக்கும் என்று கண்டிருந்தார். அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு, ஓட்டத்தை அளக்கும் கருவியொன்றை ஓம் தம் கையாலேயே அமைத்தார். மின்னுக்கு அவர் முதலில் நாடியது வோல்ட்டா அடுக்கு. அதன் வலிமையோ நிலையாக நில்லாது ஏறி இறங்கிற்று. அதனால் 1825-இல் அவர் வெளியிட்ட வாய்பாடு பிழைபட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. போகெண்டார்ஃபு என்னும் அறிஞரின் யோசனையை ஏற்று, பிசுமத்தும் செம்பும் இணைந்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தினார். ஒரு முனை கொதிநீரிலும் மறுமுனை பனிக்கட்டியிலும் வைக்கப்பட்டன. அவற்றின் வெப்பநிலை மாறாதிருந்தமையால் மின்னழுத்தமும் மாறாதிருந்தது. சம பருமனும் வேறுபட்ட நீளமும் உடைய எட்டுச் செப்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து அளந்தார். கம்பி நீள நீள ஓட்டம் ஒரு திட்டமான முறையில் குறைவதை 1826-இல் உறுதிப்படுத்தினார்.

மறு ஆண்டு வெளிவந்த அவரது நூலுக்குத் தாய்நாட்டில் உரிய வரவேற்பு கிட்டவில்லை. கணிதம் மிகுந்த அந்நூலின் போக்கு அன்றைய அறிஞர் பலருக்கு உவப்பாக இல்லை. பல்கலைக்கழகப் பேராசிரியப் பதவியை எதிர்நோக்கியிருந்த ஓம், 1828-இல் கொலோன் பணியையும் துறந்தார். பெருமை அயல்நாட்டிலிருந்தே வந்தது. 1841-இல் இலண்டன் அரச கழகம் அவருக்குக் கோப்ளி பதக்கம் வழங்கிற்று. மூனிக்குப் பல்கலைக்கழகத்தில் முழுப் பேராசிரியர் பதவி 1852-இல் வாய்த்தது. இரண்டே ஆண்டுகளில் அவர் மறைந்தார்.

மின்திறனுக்கு வழி வகுத்தவர் ஜேம்சு ஜூல். கம்பியில் தோன்றும் வெப்பம், ஓட்டத்தின் இருமடியையும் தடையையும் பெருக்கிய அளவுக்கு ஏற்ப மிகும் என்று அவர் 1841-இல் அறிவித்தார். இதனை ஓமின் விதியோடு இணைத்தால், அழுத்தமும் ஓட்டமும் பெருகிய தொகையே திறன் என்பது தெளிவாகும்.

ஏட்டிலிருந்த இவ்விதியைத் தொழிலுலகுக்கு இன்றியமையாததாக்கியது கடலடித் தந்திக் கம்பி. அதற்குக் காப்புறையாகப் பயன்பட்ட கட்டபர்ச்சா மலாயாக் காடுகளில் விளைந்த மரப்பால். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் மாண்ட்கோமரி அதன் மாதிரிகளை அனுப்ப, 1843-இல் அது இலண்டனில் அறிமுகமாயிற்று. மரங்களை வெட்டி வீழ்த்தியே பால் எடுத்தமையால், பெருந்தொகையான மரங்கள் அழிந்தன. 1858-இல் இடப்பட்ட அட்லாண்டிக்குக் கம்பி சில வாரங்களிலேயே செயலிழந்தது. அளவறியாது மிகுந்த மின்னழுத்தத்தைச் செலுத்தியமை அதற்கு ஒரு காரணமாகக் கருதப்பட்டது. கணக்கின்றிச் செய்த காரியத்தின் விலை அது.

அதன்பின் அளவீடு முதலிடம் பெற்றது. கம்பி கடலில் பழுதுற்றால், கரையிலிருந்து தடையை அளந்து, ஒரு மைலுக்குரிய தடையால் வகுத்து, பழுதுற்ற இடத்தை ஏறத்தாழ அறியலாயினர். சென்னையும் பினாங்கும் சிங்கப்பூரும் 1871-ஆம் ஆண்டளவில் இத்தகைய கம்பியால் இணைந்திருந்தன. எல்லா நாட்டாருக்கும் பொதுவான அலகுகள் தேவைப்படவே, 1881-இல் பாரிசு மாநாடு ஓம், வோல்ட்டு, ஆம்பியர் ஆகியவற்றை ஏற்றது. திறனின் அலகாக வாட்டு 1889-இல் ஏற்கப்பட்டது.

இன்று ஒரு மின்தேய்ப்புப் பெட்டி 240 வோல்ட்டு அழுத்தத்தில் 4 ஆம்பியர் ஓட்டத்தைப் பெறுமாயின், அதன் தடை 60 ஓம். திறன் 960 வாட்டு. ஜூலின் வழியில் 4-இன் இருமடியாகிய 16-ஐ 60-ஆல் பெருக்கினும் அதே 960 வரும். இரு வேறு நாட்டார் இரு வேறு வழியில் கண்ட உண்மைகள் ஒரே விடையில் சந்திக்கின்றன. ஆயினும் ஓர் எச்சரிக்கை: வெப்பநிலை மாறினால் தடையும் மாறும். எரியும் இழைவிளக்கின் தடை, குளிர்ந்த நிலையில் உள்ளதைவிடப் பன்மடங்கு மிகுதி. கொதிநீரும் பனிக்கட்டியும் கொண்டு ஓம் வெப்பநிலையைக் காத்ததன் அருமை இங்கே விளங்கும்.

வகுப்பறையில் வாய்பாட்டை மட்டும் ஒப்புவிக்கும் மாணவன் தேர்வில் வெல்லலாம். பிழைபட்ட முதற்கட்டுரைக்குப் பின்னும் கருவியை மாற்றி மீண்டும் அளந்த ஆசிரியரின் கதையைக் கேட்ட மாணவனோ, அளத்தல் என்பது உண்மைக்குப் பணியும் ஒழுக்கம் என்பதையும் உணர்வான். வாய்பாட்டோடு இவ்வரலாற்றையும் சேர்த்துக் கற்பிப்பது ஆசிரியர் கடன்.